உடல் எடை, சாப்பாடு, உடற்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை, உணவியல் நிபுணரும் இல்லை. ஒரு காலத்தில் பதினோரு கிலோ குறைத்தேன். இரண்டே வருடத்தில் அதில் ஒன்பது கிலோ திரும்பி வந்துவிட்டது. மறுபடி குறைத்து, இப்போது ஐந்து வருடமாக ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறேன். முதல் தடவை எங்கே கோட்டை விட்டேன் என்று தேடித் தேடிப் படித்ததும், தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கேள்வி பதில்.

எடை குறைய எது முக்கியம், சாப்பாடா உடற்பயிற்சியா?

குறைப்பதற்குச் சாப்பாடு. குறைத்ததைக் காப்பாற்ற உடற்பயிற்சி. இரண்டும் ஒரே வேலை என்று நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு வந்து, வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயைத் தாராளமாகச் சாய்த்தால் நடந்ததெல்லாம் அதற்கே சரியாகிவிடும். நான் இதை நம்பாமல் ஒரு வாரம் எண்ணெயை அளந்து பார்த்தேன். 'ஒரு கரண்டிதான் ஊற்றுகிறேன்' என்று சத்தியமே செய்திருப்பேன். பாட்டிலிலிருந்து வழக்கம்போலச் சாய்த்ததை ஒரு கிண்ணத்தில் பிடித்து, கரண்டியால் அளந்தால் இரண்டே முக்கால் வந்தது. அளவுக்கரண்டியை எண்ணெய் பாட்டில் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டதுதான் நான் உருப்படியாகக் கடைப்பிடித்த முதல் டயட்.

அப்படியானால் உடற்பயிற்சி எதற்கு? 1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், லண்டன் மாடி பஸ் ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பருமனாகத்தான் இருந்தார்களோ என்ற சந்தேகம் அவருக்கே வந்தது. சீருடைக்காகக் குறித்து வைத்திருந்த இடுப்பளவுகளைத் தேடி எடுத்தார். சந்தேகம் சரிதான், டிரைவர்கள் பருமன்தான். ஆனாலும் ஒல்லியான கண்டக்டரை ஒல்லியான டிரைவரோடும், பருமனானவரைப் பருமனானவரோடும் வைத்துப் பார்த்தபோதும் கண்டக்டர் பக்கம்தான் நிலைமை நன்றாக இருந்தது. எடை மெஷினுக்குத் தெரியாத லாபம் இது.

ஒரு கிலோ குறைய எத்தனை கலோரி குறைக்க வேண்டும்?

உடம்பில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் இரண்டு வாரத்தில் ஒரு கிலோ என்று வகுத்தல் கணக்கு சொல்லும். ஆரம்பத்தில் ஓரளவு ஒத்துவரும். போகப் போக ஒத்துவராது.

காரணம், உடம்பு வெறும் பாத்திரம் இல்லை. எடை குறையக் குறைய அதைச் சுமந்து நடக்கும் செலவும் குறைகிறது. பசி ஏறுகிறது. நமக்கே தெரியாமல் அசைவுகள் குறைகின்றன: காலாட்டுவது, எழுந்து போய் எடுப்பதற்குப் பதில் 'கொஞ்சம் எடுத்துக் கொடேன்' என்று கேட்பது. அதனால் ஆறு மாதத்துக்கு முன்னால் எடையை இறக்கிய அதே சாப்பாடு, இன்று எடையை நிறுத்தி மட்டும் வைக்கும். நீங்கள் ஏமாற்றவும் இல்லை, உடம்பு கெட்டுப்போகவும் இல்லை.

வாரத்துக்கு அரை கிலோ என்பது பெரும்பாலானவர்களுக்கு நல்ல வேகம். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது, தசையும் கூடவே கரைகிறது. நாளுக்கு 800 கலோரிக்குக் கீழே போகிற டயட் மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் செய்ய வேண்டியது. வீடியோ பார்த்துச் செய்கிற காரியம் இல்லை.

முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியது. அப்புறம் அசையவே இல்லை. ஏன்?

அந்த மூன்று கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டை, அதிலும் மாவுச்சத்தை, சட்டென்று குறைத்தால் கிளைகோஜன் தீர்ந்து தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. '7 நாளில் 5 கிலோ' விளம்பரங்கள் பிழைப்பது இந்தத் தண்ணீரில்தான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டு நாளில் அது வந்துவிடும்.

தினமும் எடை பார்க்கலாமா?

பார்க்கலாம், ஒரு நாள் எண்ணை நம்பாமல் பார்க்கத் தெரிந்தால்.

என் பழைய நோட்டிலிருந்து ஒரு வாரம்: 78.4, 79.3, 78.9, 78.1, 78.6, 79.0, 78.0. காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு வந்து, எதுவும் குடிக்காமல் எடுத்தவை. செவ்வாய்க்கிழமை 79.3-ஐப் பார்த்துவிட்டு அன்று காலை நான் எவ்வளவு எரிச்சலாக இருந்தேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. முந்தின இரவு உப்பு அதிகம், அவ்வளவுதான். அந்த ஏழு எண்களின் சராசரி 78.6. அதற்கு முந்தைய வாரச் சராசரி 79.1. வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

உப்பு, மலச்சிக்கல், முந்தைய நாள் கடுமையான பயிற்சி, இவை எல்லாமே எடையை ஒரு கிலோ வரை ஆட்டிவைக்கும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பெண்கள் பலருக்கு ஒன்று இரண்டு கிலோ தண்ணீர் சேரும். ஆகவே பெண்கள் வாரத்துக்கு வாரம் ஒப்பிடுவதைவிடப் போன மாதம் இதே வாரம் என்ன இருந்தது என்று பார்ப்பது நல்லது.

இன்னொன்று. மெஷின் காட்டும் எண்தான் அன்றைய மனநிலையைத் தீர்மானிக்கிறது என்றால், அல்லது முன்பு சாப்பாடு சம்பந்தமான மனநலக் கோளாறு இருந்தது என்றால், மெஷினைப் பரணில் போட்டுவிடுங்கள். இடுப்பில் சுற்றும் அளவுநாடா போதும்.

பி.எம்.ஐ. கணக்கை நம்பலாமா?

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இதை யோசித்தவர் மருத்துவரே இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அடோல்ஃப் கெட்டலே, 19-ஆம் நூற்றாண்டில், மக்கள்தொகையின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தபோது கண்ட விகிதம். 1972-ல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்கு இப்போதைய பெயரை வைத்தார். கூட்டத்தை அளக்கப் பிறந்த அளவுகோல் என்பது நினைவிருந்தால் போதும்.

18.5-க்குக் கீழ் எடை குறைவு, 25-க்கு மேல் அதிகம், 30-க்கு மேல் பருமன் என்பது பொது வரம்பு. ஆசிய மக்களுக்கு அதே பி.எம்.ஐ.யில் கொழுப்பு விகிதமும் நீரிழிவு ஆபத்தும் கூடுதல் என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் 23, 27.5 என்ற எண்களையும் கவனிக்கச் சொன்னது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 23 என்பது சுமார் 66 கிலோ, 25 என்பது 72 கிலோ.

ஆனால் பி.எம்.ஐ.க்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக இருப்பவருக்கு 'நார்மல்' என்று சொல்லிவிடும். அதனால் நான் அளவுநாடாவைத்தான் அதிகம் நம்புகிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணி இல்லாமல், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் யாருக்கு நஷ்டம்? சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்பதுதான் நினைவில் வைக்க எளிய கணக்கு. தெற்காசியர்களுக்குப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு வைத்திருக்கும் வரம்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்.

எந்த டயட் நல்லது? கீட்டோவா (மாவுச்சத்தை மிகவும் குறைப்பது), கொழுப்பு குறைந்ததா, இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்கா (குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் சாப்பிடுவது)?

இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் யாருக்கும் அந்தப் பதில் பிடிப்பதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்பு குறைந்த உணவும், இன்னொரு குழுவுக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் ஒரு வருடம் பரிந்துரைத்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. முதல் குழுவின் சராசரி இறக்கம் 5.3 கிலோ, இரண்டாவது 6.0 கிலோ. இந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதல்ல. ஒவ்வொரு குழுவுக்குள்ளும்தான் வேடிக்கை: சிலர் இருபது கிலோவுக்கு மேல் குறைத்தார்கள், சிலருக்கு எடை ஏறியது. டயட்டின் பெயரைவிட அது அந்த ஆளோடு ஒத்துப்போனதா என்பதுதான் பெரிய வித்தியாசம்.

நேரம் வைத்துச் சாப்பிடுவதும் இதே கதைதான். 2022-ல் வெளியான ஒரு சீன ஆய்வில் 139 பேர் ஒரே அளவு கலோரியைக் குறைத்தார்கள். பாதிப்பேர் காலை 8-லிருந்து மாலை 4-க்குள் மட்டும் சாப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து இரு குழுவுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் டிவி முன்னால் கை தானாகப் போகிற ஆளுக்குக் கடிகாரம் நல்ல காவல்காரன். காலையில் சாப்பிடாவிட்டால் தலை சுற்றுகிற ஆளுக்கு அது தண்டனை.

உணவின் பெயரைவிட உணவின் தன்மைக்கு நான் அதிக மதிப்பு தருவேன். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-ல் செய்த சோதனை ஒன்று உண்டு. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. வேகவேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேண்டிய தேவையே இல்லாத உணவு, வயிறு 'போதும்' என்று சொல்வதற்குள் தட்டைக் காலி செய்துவிடுகிறது.

மாவுச்சத்தை அடியோடு நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். அளவைக் குறையுங்கள், தட்டில் காய்க்கும் பருப்புக்கும் இடம் கொடுங்கள். காய்கறி, பழம் இரண்டும் சேர்த்து நாளுக்கு 400 கிராம், நார்ச்சத்து 25 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நிறுத்த வேண்டிய மாவுச்சத்து ஒன்று உண்டு என்றால் அது குடிக்கிற சர்க்கரை. பானத்தில் வரும் கலோரியை வயிறு கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு டம்ளர் இனிப்புப் பானம் குடித்ததற்காக யாரும் அடுத்த வேளை ஒரு கைப்பிடி குறைத்துச் சாப்பிடுவதில்லை.

புரதம் எவ்வளவு வேண்டும்?

சாதாரணமாக, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 0.8 கிராம் அளவு. எடை குறைக்கும் காலத்தில் 1.2 முதல் 1.6 கிராம் வரை போவது தசையைக் காப்பாற்ற உதவும். புரதம் பசியை அடக்குகிறது. தவிர, அதைச் செரிக்கவே அதிலுள்ள ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடுகிறது. கொழுப்புக்கு இந்தச் செலவு 3 சதவீதத்துக்குள்தான்.

இதில் நாம் சறுக்குவது அளவில் அல்ல, பங்கீட்டில். நாள் முழுக்க ஏனோதானோ என்று சாப்பிட்டுவிட்டு இரவில் மொத்தமாக எடுத்துக்கொள்வதைவிட ஒவ்வொரு வேளையிலும் முட்டை, பருப்பு, மீன், தயிர், கொண்டைக்கடலை என்று ஏதாவது ஒன்று இருப்பது நல்லது. புரதப் பொடி தேவை என்றால் சாப்பிடலாம், அது மருந்தல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

என்ன உடற்பயிற்சி, எவ்வளவு நேரம்? பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. மிதம் எது, கடுமை எது என்று அறிய கருவி வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடுமை.

பத்தாயிரம் அடி என்பது மருத்துவம் கண்டுபிடித்த எண் இல்லை. 1960-களின் நடுவில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. பெயர் நின்றுவிட்டது. வயதான அமெரிக்கப் பெண்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவு. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தட்டையாகிவிட்டது. இப்போது மூவாயிரம் நடக்கிறவர் ஐயாயிரத்துக்கு வந்தால் அதுவே பெரிய விஷயம். பத்தாயிரம் முடியவில்லையே என்று பூஜ்யத்தில் நிற்பதுதான் நஷ்டம்.

எல்லோரும் தட்டிக்கழிப்பது தசைப் பயிற்சியை. உணவை மட்டும் குறைத்து இறக்கிய எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பே அல்ல, தசை போன்ற மற்ற திசு. நான் முதல் தடவை குறைத்தது இப்படித்தான்: நடை, பட்டினி, நடை. எடை இறங்கியது, ஆனால் மாடி ஏறினால் தொடை நடுங்கியது. எடை திரும்பி வந்தபோது தசை திரும்பி வரவில்லை, கொழுப்புதான் வந்தது. இரண்டாம் தடவை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து ஆரம்பித்தேன். கையை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், எத்தனை தடவை எழ முடிகிறது? முதல் நாள் எட்டாவதில் முழங்கை தானாக நாற்காலிக் கையைத் தேடியது. அப்புறம் சுவரில் கை ஊன்றித் தண்டால், பிறகு மேசையில், பிறகு தரையில். ஜிம்முக்குப் போகக் கூச்சமாக இருந்தால் முதல் ஆறு மாதத்துக்கு இதுவே தாராளம்.

வயிற்றுக் கொழுப்பு மட்டும் குறைய என்ன பயிற்சி?

அப்படி ஒன்று இல்லை. டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டு 1971-ல் ஓர் ஆய்வு வந்தது. வருடக்கணக்காக மட்டை பிடித்த கையில் தசை பெரிதாக இருந்தது. ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் தடிப்பு இரண்டு கையிலும் ஒன்றுதான். ஆயிரம் சிட்-அப் செய்தால் வயிற்றுத் தசை பலமாகும், அதன்மேல் போர்வை அப்படியே இருக்கும். உடம்பு எங்கிருந்து கொழுப்பை எடுப்பது என்பதை மரபணுவும் ஹார்மோனும்தான் முடிவு செய்கின்றன. ஒரு ஆறுதல்: உள்ளுறுப்புகளைச் சுற்றியிருக்கும், அதிக ஆபத்தான கொழுப்பு, தொடர்ந்த நடை ஓட்டத்துக்கு நன்றாகவே கரையும்.

முப்பது வயதுக்கு மேல் மெட்டபாலிசம் (உடம்பு ஆற்றலைச் செலவழிக்கும் வேகம்) குறைந்துவிடுகிறதே, என்ன செய்வது?

நானும் பல வருடம் இந்தச் சாக்கைத்தான் வைத்திருந்தேன். 2021-ல் ஹெர்மன் பான்ட்சர் தலைமையிலான குழு, 29 நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை ஆராய்ந்து வெளியிட்டதும் அது போய்விட்டது. உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. 60-க்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது. முப்பதுக்கு மேல் மாறுவது நாற்காலி நேரம், தூக்கம், கவலை, கையில் காசு.

தைராய்டு இருக்கிறது. அதனால்தான் எடை கூடுகிறதா?

ஓரளவுக்கு. தைராய்டு சுரப்பு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் கணிசமான பங்கு உப்பும் தண்ணீரும். மாத்திரை சரியான அளவில் போனபிறகும் இருபது கிலோ அதிகம் என்றால் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கு எடையை இறக்குவது கடினம் என்பது உண்மை. ஆனால் கொஞ்சம் இறங்கினாலும் மாதவிலக்கு ஒழுங்காக வாய்ப்புண்டு. ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரையே கேளுங்கள்.

தூக்கத்துக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், எடை அதிகமுள்ள 80 பேரை வைத்து 2022-ல் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க வழி காட்டினார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். மேலே சொன்ன அரை மணி நேர நடையைவிட இது அதிகம், படுத்துக்கொண்டே. காலை ஐந்து மணி ஜிம்முக்காக நள்ளிரவு தூக்கத்தை வெட்டுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

மூன்று மாதமாகப் பயிற்சி செய்கிறேன், எடை குறையவே இல்லை. எல்லாம் வீணா?

முதலில் அளவுநாடாவைப் பாருங்கள். சட்டைப் பொத்தானைப் பாருங்கள். அப்புறம் ரத்த அழுத்தம், சர்க்கரை. எடை ஒரு கிராம் குறையாமலே இவை முன்னேறுவது வழக்கமாக நடப்பது.

குறைந்தாலும், நாம் மனதில் வைத்திருக்கும் எண் அளவுக்குக் குறைய வேண்டியதில்லை. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2002-ல் முடிவு வெளியானது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம். 80 கிலோ ஆளுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. கல்லூரிக் காலத்துப் பேன்ட் அதற்கும் நுழையாது, பரவாயில்லை.

குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

உடம்புக்குப் பஞ்சம் தெரியும், டயட் தெரியாது. எடைக் குறைப்புப் போட்டி நடத்திய ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் 14 போட்டியாளர்களை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலானவர்களுக்கு எடை கணிசமாகத் திரும்பியிருந்தது. ஆனாலும் அவர்கள் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றல், அந்த உடலளவுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. அவர்கள் குறைத்த வேகமும் அளவும் சாதாரண மனிதர்கள் செய்யாதது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுபக்கம், எடையைக் குறைத்து நிறுத்தியவர்களின் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994-லிருந்து இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது அப்படியே வைத்திருப்பவர்கள்தான் அதில் சேரலாம். குறைத்த வழி ஆளுக்கு ஆள் வேறு. காப்பாற்றும் வழி ஒன்றுபோல இருக்கிறது: பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள்.

என் முதல் தடவைத் தவறு இங்கேதான். இலக்கு எண்ணைத் தொட்ட அன்று நோட்டை மூடினேன், மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பரீட்சை முடிந்த மாதிரி. இப்போது இலக்கு எண்ணுக்கு மேலே இரண்டு கிலோவில் ஒரு கோடு வைத்திருக்கிறேன். வாரச் சராசரி அதைத் தாண்டினால் அளவுக்கரண்டி மறுபடி வேலைக்கு வரும்.

எடை குறைக்கும் ஊசிகள் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

வேலை செய்கின்றன. செமாக்ளூட்டைட் ஊசியை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடை குறைந்தது. டிர்செபடைட் இன்னும் கூடுதல், அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் சுமார் 20 சதவீதம். இது 'குறுக்கு வழி' என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஆனால் நிறுத்தினால் பசி திரும்புகிறது. செமாக்ளூட்டைடை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு காட்டியது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சகஜம். பசி இல்லாததால் புரதமும் உள்ளே போகாது, தசைப் பயிற்சி இங்கே இரட்டிப்பு அவசியம். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எங்கிருந்தோ வாங்கிப் போட்டுக்கொள்ளும் சமாசாரம் அல்ல.

எனக்கு எடை கூட வேண்டும். எனக்கு ஏதாவது?

இதே தட்டுதான், கொஞ்சம் அடர்த்தியாக. வேர்க்கடலை, பாதாம், பால், முட்டை, சாப்பாட்டின் மேல் கூடுதலாக ஒரு கரண்டி எண்ணெய். மூன்று வேளையை ஐந்தாக்குங்கள். தசைப் பயிற்சி உங்களுக்கும் உண்டு, இல்லாவிட்டால் கூடும் கிலோவெல்லாம் வயிற்றுக்குத்தான் போகும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

முயற்சியே செய்யாமல் ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் உடனே. 'பரவாயில்லையே, இளைத்துவிட்டாய்' என்று நாலு பேர் பாராட்டினாலும் போங்கள். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைப்பதற்கு முன்பே கேளுங்கள், அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். கர்ப்பமாக இருந்தால் எடை குறைக்கும் பேச்சே வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், சாப்பிட்டதை வாந்தி எடுத்துச் சரிக்கட்டுவது, மாதவிலக்கு நின்றுபோவது, இவை எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

நேற்று ஒரு விருந்தில் கட்டுமீறிச் சாப்பிட்டுவிட்டேன். இன்று பட்டினி கிடந்து சரிக்கட்டலாமா?

கூடாது. பட்டினி கிடந்தால் இன்று இரவும் கட்டுமீறும். வழக்கமான காலைச் சாப்பாடு, வழக்கமான நடை, நிறையத் தண்ணீர். மெஷின் இன்று காட்டுவது பெரும்பாலும் உப்பும் இன்னும் செரிக்காத சாப்பாடும். ஒரு கிலோ கொழுப்பு ஒரே இரவில் ஏற, தேவைக்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்த விருந்திலும் என்னால் அது முடிந்ததில்லை. என் நோட்டில் ஒரு பக்கத்தில் 74.1-க்கு அடுத்த வரியில் 75.9 என்று, பேனா அழுந்தி, இருக்கிறது. அதிலிருந்து நாலாவது வரி 74.3.